பழைய விண்டோஸும் கடைசிப் பதிப்பும்: பினாங்குக் கடைகளில் கற்றது

2015ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி வாரம். ஏப்ரல் 1ஆம் தேதி நாடு முழுக்க 6 விழுக்காடு ஜி.எஸ்.டி., அதாவது பொருள், சேவை வரி, வரப்போகிறது. பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் பட்டர்வொர்த் பக்கமும் சேர்த்து நாற்பதுக்கு மேற்பட்ட கடைகள் நான் எழுதிய பில்லிங் மென்பொருளில் ரசீது போட்டுக்கொண்டிருந்தன. வரியைச் சேர்த்துப் புதிய பதிப்பை எழுதி, இரண்டு மாதம் சோதித்து, பென் டிரைவில் போட்டு ஒவ்வொரு கடைக்கும் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். மறுநாள் காலை பசியாறிக்கொண்டிருக்கும்போதே மார்க்கெட் ஸ்ட்ரீட் துணிக்கடை அண்ணன் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நீ குடுத்தத போட்டோம். தொறக்கவே மாட்டேங்குது. வின்32ன்னு என்னமோ இங்கிலீஷ்ல வருது."

அரை மணி நேரத்தில் அதே செய்தியோடு இன்னும் நான்கு கடைகள். எல்லாமே விண்டோஸ் எக்ஸ்பி. அந்த இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியே ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனால் என் வாடிக்கையாளர்களில் 17 கடைகள் அப்போதும் அதில்தான் இருந்தன. நான் நிறுத்தியதாக யாரிடமும் சொல்லவில்லை. ஆகவே அவர்களைப் பொறுத்தவரை ஆதரவு இருந்தது.

நடந்தது இதுதான். ஜனவரியில், நான் நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டூடியோவை 2013க்கு மாற்றியிருந்தேன். 2012 பதிப்பிலிருந்தே அது உருவாக்கும் கோப்பின் தலைப்பகுதியில், குறைந்தபட்சம் எக்ஸ்பிக்கு அடுத்த விண்டோஸான விஸ்டாவாவது வேண்டும் என்று பொருள்படும் 6.0 என்ற எண்ணைத் தானாகவே எழுதிவிடும். எக்ஸ்பி அதற்கு முந்தைய 5.1. அதனால் கோப்பைத் தொட்டதுமே "இது சரியான வின்32 நிரல் அல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டது. எக்ஸ்பிக்கென்று தனியாக ஒரு தொகுப்பு அதே விஷுவல் ஸ்டூடியோவுக்குள் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்து மறுபடி கம்பைல் செய்தேன், அதாவது எழுதியதைக் கணினி ஓட்டும் கோப்பாக மாற்றினேன். இப்போது திறந்தது, உடனே இன்னொரு பிழை வந்தது: விண்டோஸின் கெர்னல்32 டிஎல்எல் கோப்பில் கெட்டிக்கவுண்ட்64 என்ற செயல்கூறு இல்லை. அந்தச் செயல்கூறு விஸ்டாவில்தான் வந்தது. நானே எழுதிய ஒரு வரி அதைக் கூப்பிட்டிருக்கிறது. என் மேசையில் இருந்தது விண்டோஸ் 7, அதனால் எனக்குத் தெரியவே இல்லை.

இரண்டையும் திருத்த ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 17 கடைகளுக்கும் நேரில் போய் மாற்ற மூன்று நாள் ஆனது. மார்ச் 31 இரவு பத்தரைக்குக் கடைசிக் கடையில் சோதனை ரசீது அடித்தபோது, அந்த வீட்டு அம்மா எனக்காக இட்லி எடுத்து வைத்துக் காத்திருந்தார்.

அன்றைக்குக் கற்ற முதல் பாடத்தை இன்றுவரை விடாமல் பின்பற்றுகிறேன். கம்பைல் ஆகிவிட்டால் ஓடும் என்று நம்பக்கூடாது. நிரலில் இலக்கு விண்டோஸ் எது என்று சொல்லும் ஓர் எண் இருக்கிறது. அதை நாம் ஆதரிக்கும் மிகப் பழைய பதிப்புக்கு வைத்துவிட வேண்டும். அப்படி வைத்தால், புதிய விண்டோஸில் மட்டுமே உள்ள ஒன்றைத் தெரியாமல் கூப்பிட்டாலும் கம்பைலரே தடுத்துவிடும். நானோ அந்த எண்ணை விண்டோஸ் 7க்கு வைத்துவிட்டு எக்ஸ்பிக்கும் ஓடும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, உண்மையான பழைய கணினி ஒன்று கையில் இருக்க வேண்டும். கொம்தாரில் ஒரு கடையில் பழைய பென்டியம் 4 வாங்கினேன், 512 எம்பி நினைவகம், எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3. ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் மெய்நிகர் கணினியிலும் எக்ஸ்பியைப் போட்டுச் சோதிக்கலாம், நானும் செய்கிறேன். கெட்டிக்கவுண்ட் மாதிரியான பிழையை அது பிடித்துவிடும். ஆனால் 1024க்கு 768 திரையில் "சேமி" பொத்தான் கீழே போய் மறைந்துவிடுவதும், ரசீதுப் பட்டியல் திறக்க 11 விநாடி ஆவதும், மூன்று அடுக்குக் கார்பன் தாள் போட்ட டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒரு வரி தள்ளி அடிப்பதும் நிஜக் கணினியில்தான் தெரியும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய கணினியை மாற்றாத கடைக்காரர்களைக் கஞ்சர்கள் என்று நம் துறையில் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு நகைக்கடை. கணவரும் மனைவியும் முப்பது வருடமாக நடத்துகிறார்கள். அவர்களுடைய மின்னணுத் தராசு சீரியல் போர்ட் என்ற பழைய இணைப்புத் துளை வழியாகக் கணினியோடு இணைந்திருக்கிறது. நகையை வைத்ததும் எடை நேராக ரசீதுக்கு வந்துவிடும். தராசோடு கணினியைப் பேசவைக்கும் டிரைவர் நிரல் எக்ஸ்பியோடு நின்றுவிட்டது. பெரும்பாலான புதிய கணினிகளில் சீரியல் போர்ட்டே கிடையாது. யுஎஸ்பி மாற்றி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், இருபது முறைக்கு ஒரு முறை கடைசி இலக்கம் வராமல் போனது. துணிக்கடையில் அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். தங்கத்தில் 0.01 கிராமுக்கும் விலை உண்டு. எடை தவறினால் அந்தக் கடையின் பெயரே போய்விடும். ஐயா சொன்னார்: "ம்மா, கம்ப்யூட்டர் புதுசா வாங்குறதுக்கு எனக்குக் காசு பிரச்சினை இல்ல. இந்தத் தராசு மாதிரி இன்னொன்னு சரியா பேசுமான்னு மட்டும் நீ சொல்லு." அப்போது என்னால் சொல்ல முடியவில்லை. அவர் மனைவி அக்காவுக்கோ எந்த எஃப் விசை எதற்கு என்பது விரல்களுக்கே தெரியும். திரையைப் பார்க்காமல் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ரசீது போடுவார். அந்தப் பழக்கத்தைக் கலைத்தால் தீபாவளிக் கூட்டத்தில் கடையே திணறிப்போகும்.

ஆக, அவர்கள் மாறும்வரை நான் அவர்களோடு இருக்க வேண்டும். எவ்வளவு நாளைக்கு, எந்த அளவுக்கு என்பதுதான் கேள்வி.

அதற்கு முதலில் யார் எதில் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். தினமும் இரவு ஒவ்வொரு கடையிலிருந்தும் என் சர்வருக்கு பேக்கப் வரும். அதோடு விண்டோஸ் பதிப்பு எண்ணையும் அனுப்பும்படி 2016இல் ஒரு வரி சேர்த்தேன். முதல் மாதக் கணக்கைப் பார்த்தால் பதினோரு கடைகள் விண்டோஸ் 8! ஒரு கடையில்கூட நான் விண்டோஸ் 8 பார்த்ததில்லை. தேடியபோதுதான் புரிந்தது. பதிப்பு எண்ணைக் கேட்கும் பழைய அழைப்பு விண்டோஸ் 8.1இலிருந்து உண்மையைச் சொல்வதில்லை. புதிய விண்டோஸை அறிந்த நிரல் என்று மேனிஃபெஸ்ட் கோப்பில் அறிவிக்காவிட்டால், 6.2 என்ற விண்டோஸ் 8 எண்ணையே திருப்பித் தரும். அந்தப் பதினொன்றும் விண்டோஸ் 10. அந்தக் கணக்கை அப்படியே நம்பி முடிவெடுத்திருந்தால் தவறான கடைகளுக்குக் கடிதம் போயிருக்கும். எண்ணத் தொடங்கும் முன் நமக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று கணினிகளை வைத்து எண்ணும் முறையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 2017 மே 12. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாகிரை தீநிரல் உலகம் முழுக்கப் பரவிய வெள்ளிக்கிழமை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஆதரவில் இருந்த பதிப்புகளுக்கு மார்ச் மாதமே வந்துவிட்டது. எக்ஸ்பிக்கு அப்போது வரவில்லை. நிலைமை மோசமான பிறகுதான் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கும் அவசரத் திருத்தம் வெளியிட்டது. என் கடைகள் எதுவும் பாதிக்கப்படவில்லை. ஆனால் அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் திருத்தத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதோடு ஒன்றைக் கட்டாயமாக்கினேன்: எக்ஸ்பி இருக்கும் கணினியில் மின்னஞ்சல் இல்லை, பிரவுசர் இல்லை, கோப்புப் பகிர்வு இல்லை. வெளியே போகும் ஒரே வழி என் பேக்கப் சர்வர் மட்டும், அதையும் ரவுட்டரிலேயே கட்டிவிட்டேன். ஒரு முதலாளி கோபித்துக்கொண்டார். மகன் அதே கணினியில்தான் படம் பார்ப்பானாம். நான் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய இயங்குதளத்துக்கு ஆதரவு தருகிறோம் என்று சொல்லும்போது, எந்த நிபந்தனையில் தருகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எக்ஸ்பிக்கு முடிவு சொல்லும் நேரம் வந்தது. 2016இல் ஒரு முறை எல்லோருக்கும் எழுதியிருந்தேன், "எக்ஸ்பி ஆதரவு விரைவில் நிறுத்தப்படும்" என்று. யாரும் அசையவில்லை. விரைவில் என்றால் எப்போது? அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 2017 ஜூனில் ஒரே ஒரு பக்கத்தில் தமிழில் கடிதம் எழுதி நேரில் கொடுத்தேன். டிசம்பர் 31க்குப் பிறகு எக்ஸ்பிக்குப் புதிய வசதி எதுவும் வராது. ரசீதும் கணக்கும் பேக்கப்பும் எப்போதும்போல் ஓடும். பழுதானால் வந்து பார்ப்பேன், ஆனால் ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு ரிங்கிட். புதிய கணினிக்கு மாறினால் பழைய கணக்கை இலவசமாக மாற்றித் தருகிறேன். நான்கே விஷயம். அந்த ஆண்டு தீபாவளிக்குள் ஒன்பது கடைகள் மாறிவிட்டன. வேலை ஒன்றும் மாறவில்லை, தேதியும் தொகையும் எழுத்தில் இருந்ததுதான் வித்தியாசம்.

பழைய பதிப்புக்குத் தனிக் கட்டணம் வாங்குவது சரியா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. சரிதான் என்று நினைக்கிறேன். ஒரு நாள் வேலை போகிறது என்பதை மறைத்துவிட்டு இலவசமாகச் செய்தால், சலிப்பு வந்த ஒரு நாளில் சொல்லாமல் கைவிட்டுவிடுவோம். பணம் வாங்கினால் கடமையும் தெளிவாகிவிடும்.

2017 டிசம்பரில் எக்ஸ்பிக்கான கடைசிப் பதிப்பை அனுப்பினேன். மற்றவர்கள் செய்வதைப்போலவே செய்தேன்: அன்றைக்குக் கையில் எது இருந்ததோ அதற்குக் "கடைசி" என்று பெயர். அது எவ்வளவு பெரிய தவறு என்பது ஐந்தே மாதத்தில் தெரிந்தது.

2018 மே 9ஆம் தேதி பொதுத்தேர்தல், ஆட்சி மாறியது. மே 16ஆம் தேதி அறிவிப்பு: ஜூன் 1 முதல் ஜி.எஸ்.டி. பூஜ்ஜியம். பதினாறே நாள். வரி விழுக்காட்டை நான் நிரலுக்குள் எழுதாமல் தனி அட்டவணையில் வைத்திருந்தேன். அதனால் எட்டு எக்ஸ்பி கடைகளுக்கும் தொலைபேசியிலேயே "அமைப்புக்குப் போங்க, 6 இருக்கிற இடத்துல 0 போடுங்க" என்று சொல்லி முடித்தேன். நன்றாகச் செய்திருக்கிறோம் என்ற நிறைவு இருந்தது. செப்டம்பர் 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. முற்றிலும் போய் விற்பனை, சேவை வரி திரும்ப வந்தது. அது சில்லறைக் கடை ரசீதில் வருவதில்லை. ஆக, ரசீதின் தலையில் இருக்கும் "வரி விலைப்பட்டியல்" என்ற தலைப்பையும் வரிப் பதிவு எண்ணையும் வரிக் கட்டத்தையும் எடுத்தாக வேண்டும். அந்த மூன்றையும் நிரலுக்குள்ளேயே எழுதிவைத்திருந்தேன். கடைசிப் பதிப்பு என்று சொன்னதை மறுபடி திறந்தாக வேண்டிய நிலை.

திறக்க முடிந்ததே ஒரு முன்னெச்சரிக்கையால்தான். எக்ஸ்பி பதிப்பைக் கம்பைல் செய்யும் முழு அமைப்பையும், அதாவது விஷுவல் ஸ்டூடியோ, நூலகங்கள் என்னும் ஆயத்த நிரல் தொகுப்புகள், இன்ஸ்டாலர் எழுதும் கருவி எல்லாவற்றையும், ஒரே மெய்நிகர் கணினிக்குள் வைத்து இரண்டு வெளி டிஸ்க்குகளில் எடுத்து வைத்திருந்தேன். ஒன்று என்னிடம், ஒன்று பிறையில் என் தம்பி வீட்டில். நிரலை மட்டும் பாதுகாத்தால் போதாது. அதைக் கட்டிய கருவிகளின் பழைய பதிப்புகள் நாளாக நாளாக இணையத்திலிருந்தே காணாமல் போய்விடுகின்றன. இன்னொன்று, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த மெய்நிகர் கணினியைத் திறந்து, ஒரு எழுத்தும் மாற்றாமல் கம்பைல் செய்து பார்க்கிறேன். தேவைப்படும் நாளில் முதல் முறையாகத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே பயமாக இருக்கிறது.

அன்றைக்கு எனக்கு உறைத்தது இது. பழைய இயங்குதளத்துக்கு நாம் தரும் கடைசிப் பதிப்புதான் நாம் எழுதும் பதிப்புகளிலேயே மிக நன்றாக இருக்க வேண்டும். மற்ற எந்தப் பதிப்பில் பிழை இருந்தாலும் அடுத்த மாதம் திருத்திவிடலாம். இதற்கு அடுத்த மாதம் கிடையாது, அது வருடக்கணக்காகத் தனியாக நிற்கப்போகிறது. வரி, ரசீது வாசகம், தலைப்பு, சர்வர் முகவரி, நம்பகச் சான்றிதழ்ப் பட்டியல் என்று வெளியிலிருந்து மாறக்கூடிய எதையும் நிரலுக்குள் பூட்டக்கூடாது.

அந்தச் சான்றிதழ் விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

என் பேக்கப் சர்வர் நிஜமானதுதான் என்று உறுதி சொல்வது லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழ். கடைகளிலுள்ள என் நிரலோ விண்டோஸின் பாதுகாப்பு இணைப்பை நம்பாமல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 என்ற பாதுகாப்பு நூலகத்தைத் தன்னோடே எடுத்துப்போகிறது. அதை வேண்டுமென்றே அப்படி வைத்தேன். எக்ஸ்பியின் சொந்த இணைப்பு, இணையத்தில் தகவலை மறைத்து அனுப்பும் டிஎல்எஸ் முறையில் 1.0க்கு மேல் பேசாது. நம் நூலகத்தைக் கூடவே அனுப்பினால் எக்ஸ்பியிலிருந்தும் டிஎல்எஸ் 1.2 பேசலாம். இதுவரை நல்ல முடிவுதான். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2க்கே 2019 டிசம்பர் 31உடன் பொது ஆதரவு முடிந்துவிட்டது. இயங்குதளத்தின் வயதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நான் உள்ளே இருக்கும் நூலகத்தின் வயதைப் பார்க்கவில்லை.

2021 செப்டம்பர் 30, நம் நேரப்படி இரவு பத்து மணி கடந்து ஒரு நிமிடம். மற்ற சான்றிதழ்களுக்கு உறுதி சொல்லும் டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் காலாவதியானது. லெட்ஸ் என்கிரிப்ட் தன் சொந்த மூலமான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1க்கு மாறியிருந்தாலும், பழைய ஆண்ட்ராய்டு போன்களுக்காக அந்தப் பழைய மூலம்வரை போகும் சான்றிதழ்ச் சங்கிலியையும் சேர்த்தே அனுப்பிக்கொண்டிருந்தது. புதிய நூலகங்கள் நடுவிலேயே நம்பகமான ஐஎஸ்ஆர்ஜியைப் பார்த்ததும் நின்றுவிடும். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 அப்படி நிற்காது. சர்வர் கொடுத்த சங்கிலியைக் கடைசிவரை பின்தொடர்ந்து போய், காலாவதியான மூலத்தில் முட்டி, நம்பமுடியாது என்று சொல்லிவிடும். ஐஎஸ்ஆர்ஜி அதன் பட்டியலிலேயே இருந்தாலும் இதே கதைதான்.

கடைகளில் இரவு பேக்கப் நின்றது. ரசீது வழக்கம்போல் வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அக்டோபர் 5ஆம் தேதி வேறு ஏதோ தேடப்போய்க் கோப்புறைகளின் தேதியைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. ஐந்து நாள், பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் இருந்த கடைகள் ஒன்றுக்கும் பேக்கப் இல்லை. அந்த ஐந்து நாளில் ஒரு ஹார்ட் டிஸ்க் போயிருந்தால் தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் அந்த நாட்களின் கணக்கு முழுவதும் அழிந்திருக்கும்.

தீர்வு சர்வர் பக்கமே இருந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் ஐஎஸ்ஆர்ஜியோடு முடியும் குட்டைச் சங்கிலியையும் அப்போது தந்தது. அதைத் தேர்ந்தெடுத்தேன். 2017இல் எக்ஸ்பி பதிப்போடு அனுப்பிய பட்டியலில் ஐஎஸ்ஆர்ஜி மூலம் இருந்ததால், எந்தக் கடைக்கும் போகாமல் அன்றிரவே எல்லா பேக்கப்பும் வந்து சேர்ந்தது. கடைசிப் பதிப்பை அனுப்பிய பிறகு நம் கையில் மிஞ்சுவது சர்வர் மட்டுமே. அதைப் பழைய பதிப்புகளின் கண்ணோடு பார்த்துப் பராமரிக்க வேண்டும். சர்வரில் எதை மாற்றினாலும் அந்தப் பென்டியம் 4இல் ஒரு முறை பேக்கப் அனுப்பிப் பார்த்த பிறகுதான் மற்ற வேலை. ஒரு கடையிலிருந்து இரண்டு இரவு பேக்கப் வராவிட்டால் இப்போது என் போனுக்குச் செய்தி வரும். பாதி நேரம் அது பேட்டரிதான். மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 செத்துப்போனால் கணினியின் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும், எந்தச் சான்றிதழும் செல்லாது. கடைசி ரசீதின் தேதியைவிடக் கணினியின் தேதி முந்தியிருந்தால் ரசீதே போடவிடாமல் நிறுத்தும்படி விண்டோஸ் 7 பதிப்பில் சேர்த்தேன்.

விண்டோஸ் 7க்கு இதையெல்லாம் மனத்தில் வைத்துத் திட்டமிட்டேன். மைக்ரோசாஃப்ட் பொது ஆதரவை 2020 ஜனவரி 14இல் நிறுத்தியது. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அந்த வருடம் கடையைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடு, புதிய கணினி வாங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பணம் கட்டிய நிறுவனங்களுக்கான நீட்டிப்பு 2023 ஜனவரி 10வரை இருந்தது. என் முடிவையும் அந்தத் தேதிக்கே வைத்தேன். அதற்குள் காலடி மண் ஒவ்வொன்றாகச் சரிந்தது. பைத்தான் நிரல்மொழியில் 3.8தான் விண்டோஸ் 7க்குக் கடைசி, குரோம் பிரவுசரில் 109 கடைசி, திரை வரைய நான் பயன்படுத்தும் க்யூட்டியும் 5.15உடன் நின்றது. நாம் கைவிடாவிட்டாலும் நமக்குக் கீழே இருப்பவை கைவிடுகின்றன. அந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். எது முதலில் விழுகிறதோ அதுதான் நம் உண்மையான கெடு.

2022 ஜூலைக்குப் பிறகு விண்டோஸ் 7க்குப் புதிய வசதி ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. ஆறு மாதமும் திருத்தம் மட்டுமே. ஒவ்வொரு கடைக்கும் போய் சர்வீஸ் பேக் 1, புதிய திருத்தங்களின் எஸ்எச்ஏ-2 கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் 2019 அப்டேட், டிஎல்எஸ் 1.2ஐ இயல்பாகப் பயன்படுத்த வைக்கும் கேபி3140245 அப்டேட் மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்தேன். மூன்றாவது பல கடைகளில் இல்லை. விண்டோஸ் 7க்கு டிஎல்எஸ் 1.2 தெரியும், ஆனால் அதைக் கேட்டு இயக்கினால்தான் பல நிரல்களில் வரும். நம் நிரல் அதை நம்பியிருக்காவிட்டாலும் கடையில் ஓடும் மற்றவை நம்பியிருக்கும். எல்லாக் கணக்கையும், மற்ற மென்பொருள்களும் படிக்கக்கூடிய சாதாரண சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுக்கும் ஒரு பொத்தானையும் வைத்தேன். நாளைக்கு நான் இல்லாவிட்டாலும், வேறு யாருடைய மென்பொருளுக்கு மாறினாலும், அவர்கள் கணக்கு அவர்கள் கையில் இருக்க வேண்டும். அந்தப் பொத்தானுக்குத்தான் அதிக நேரம் செலவழித்தேன், அதில் வருத்தமே இல்லை.

அப்புறம் இ-இன்வாய்ஸ், அதாவது விலைப்பட்டியலை மின்வடிவில் வருமான வரி வாரியத்துக்கு அனுப்பும் முறை. 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டியவர்களோடு தொடங்கிப் படிப்படியாகக் கீழே வந்தது. 2025 ஜூலை 1ஆம் தேதி 50 லட்சத்துக்கு மேல் உள்ளவர்கள். சின்னக் கடைதானே என்று நினைத்தால், தங்கம் விற்கும் விலைக்கு அந்த நகைக்கடை அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. எக்ஸ்பியில் ஓடும் கடை வருமான வரி வாரியத்தின் சர்வரோடு பேச வேண்டும்!

பழைய நிரலுக்குள் இதைத் திணிக்க நான் முயலவே இல்லை. ஜேசன் கோப்பு வடிவம், டிஜிட்டல் கையொப்பம், நுழைவு டோக்கன் என்று நாளைக்கு மாறக்கூடிய எதையும் 2017இல் உறைந்த ஒன்றுக்குள் கொண்டுபோகக்கூடாது. அதற்குப் பதிலாக ஒரு சின்னப் புதிய கணினியை அருகில் வைத்தேன். எக்ஸ்பி வழக்கம்போல் ரசீது அடித்து, பேக்கப்புக்காக எப்போதும் எழுதும் கோப்பை எழுதும். சீரியல் போர்ட்டில் ஒரு கம்பி, அதன் வழியாக அந்தக் கோப்பு புதிய கணினிக்குப் போகும். அங்கிருந்து வாரியத்துக்குப் போவது புதிய நிரலின் வேலை. இரண்டுக்கும் நடுவில் நெட்வொர்க்கே இல்லை. இந்த முறையை யார் கேட்டாலும் சொல்வேன்: பழையதைத் தொடாதே, அது ஏற்கெனவே வெளியே தருவதை எடுத்து மொழிபெயர்க்கும் ஒன்றைப் பக்கத்தில் வை.

அந்தப் புதிய கணினியிலேயே தராசையும் பழக்கிப் பார்க்க நான்கு மாதம் கிடைத்தது. நல்ல சீரியல் அட்டை ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு எடையையும் இரண்டு கணினியும் தனித்தனியாகப் படித்து, வித்தியாசம் வந்தால் பதிவு செய்யும்படி எழுதினேன். மூவாயிரத்துக்கு மேல் எடைகள், ஒரு வித்தியாசமும் இல்லை. பட்டியலைக் காட்டியதும் ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். "சரிம்மா, இப்ப நம்புறேன்" என்றார். பத்து வருடத்துக்கு முன் அவர் கேட்ட கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் கொடுத்தேன். எஃப் விசைகளை மட்டும் அப்படியே வைத்தேன், அக்காவுக்காக.

இப்போது முறை விண்டோஸ் 10உடையது. 2025 அக்டோபர் 14இல் அதன் ஆதரவு முடிந்தது, தீபாவளிக்குச் சரியாக ஆறு நாள் முன்பு. கடிதத்தை மே மாதமே கொடுத்துவிட்டதால் அந்த வாரம் யாரும் பதறவில்லை. ஆனால் என் பட்டியலில் 22 கடைகள் மாற முடியாமல் நிற்கின்றன. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியைக் கேட்கிறது, இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறை வேண்டும் என்கிறது. இந்தக் கடைகள் வாங்கியது 2016, 2017இல், என் சொல்லைக் கேட்டு. நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப்போடு என்று அவர்களிடம் நான் எளிதாகச் சொல்லிவிட முடியாது. தனிநபர் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஓராண்டு நீட்டிப்பு 2026 அக்டோபர் 13வரை. அதில் சேரக்கூடிய கடைகளையெல்லாம் சேர்த்துவிட்டேன். விண்டோஸ் 10க்கான என் கடைசிப் பதிப்பு 2026 டிசம்பரில். ஜூனிலிருந்து புதிய வசதி கிடையாது.

போன வாரம் அக்கா அந்த எக்ஸ்பி கணினியைத் துடைத்து, வயர்களைச் சுற்றி, ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார். "தூக்கிப் போட்டுடாத ம்மா." அது இப்போது என் மேசைக்கடியில் பென்டியம் 4க்குப் பக்கத்தில் இருக்கிறது. பேட்டரியை மாற்றிவிட்டேன். மீதி நான்கு எக்ஸ்பி கடைகளுக்காக இன்றிரவு அதிலிருந்தும் ஒரு பேக்கப் அனுப்பிப் பார்க்க வேண்டும்.